கள்ளுக்கடை வருமானமும் விற்பனை வரியும்

பனமரத்துப்பட்டி வட்டாரத்துப் பனைகளில் கள் இறக்குவது குற்றமென்று ஆன நாள், 1937ஆம் வருஷம் அக்டோபர் 1. சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகவும் நிதிப் பொறுப்பை வகித்தவராகவும் விளங்கிய ராஜாஜி, உழைப்பாளியின் கூலி சிந்தாமல் வீடு வந்து சேரவேண்டும் என்ற சங்கல்பத்தோடு, இன்றைய நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கை முதன்முதலாக அமல் செய்தார்.

கலால் வருமானம் குறைந்தது. மறுவருஷம் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும் விலக்கு விரிந்தபோது, வரவுசெலவில் விழுந்த துண்டை ஈடுசெய்ய, 1935ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்கு அளித்திருந்த அதிகாரத்தைக் கொண்டு, வியாபாரிகளின் பலத்த ஆட்சேபத்தினிடையே, 1939இல் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கினார். தேசத்தில் அவ்விதமான பொது வரி அதுவே முதலாவது.

நற்காரியம் ஒன்றைத் தொடங்கிவிட்டு, பணமில்லை என்று அதைக் கைவிடாமல், அதற்காகும் செலவை ஜனங்களிடம் ஒளிவுமறைவின்றிக் கேட்ட அந்தத் தைரியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பிற மாகாணங்களும் அவ்வழியே சென்றன. 2017ஆம் வருஷம் ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை, மாநிலங்களின் சொந்த வரி வருமானத்தில் மிகப் பெரிய பங்கை அளித்தவை விற்பனை வரியும் அதன் வழிவந்த மதிப்புக் கூட்டு வரியுமே.