கிராமத்துக்கு ஆள் வேண்டும்

(திருவனந்தபுரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் அல்ல. பி.எஸ்ஸி. படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் கணக்குகளோடு காலம் கழித்தவன். ஆகவே இன்றைக்கும் ஒரு கணக்கையே உங்கள் முன் வைக்கிறேன்.

நாம் எங்கே கூடினாலும் ஒரு பேச்சு வந்துவிடுகிறது: "கிராமத்தில் ஆளே இல்லை." பூஜைக்கு ஆள் இல்லை, தேங்காய் பறிக்க ஆள் இல்லை, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இது நம் அக்ரஹாரங்களின் குறை மட்டுமல்ல, கேரளம் முழுவதற்கும் உள்ள நிலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தின் பத்தாண்டு வளர்ச்சி 4.9 சதவீதம்தான். பத்தனம்திட்டை ஜில்லாவில் 2001-இல் 12.34 லட்சமாக இருந்த ஜனத்தொகை 2011-இல் 11.97 லட்சமாகக் குறைந்தது. இடுக்கியிலும் குறைந்தது. அதே கணக்கெடுப்பு, மாநிலத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் கிடப்பதாகச் சொன்னது. அதன் பிறகு இந்தப் போக்கு வேகமாகியிருக்கிறது. 2023-இல் மாநிலத்தில் பதிவான பிறப்புகள் 4 லட்சத்துக்கும் கீழே. அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-இல் 16.5 சதவீதம் இருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு. அடுத்த கணக்கெடுப்பு 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவு யாரையும் ஆச்சரியப்படுத்தாது என்றே நினைக்கிறேன்.

இதற்குப் பரிகாரம் என்ன? "இன்னும் இரண்டு குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். ஆந்திரப் பிரதேசம் 2024-இல், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற பழைய விதியை நீக்கியது. ஆனால் தென் கொரியாவைப் பாருங்கள். எத்தனையோ ஆண்டுகளாகப் பணத்தைக் கொட்டியும் 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை என்ற நிலைதான். கணக்கும் எளிது. இன்று பிறக்கும் குழந்தை வேலைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். வளர்ந்த பிறகு, நம் குழந்தைகளைப் போலவே பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்விடும். பெண்கள் படித்ததாலும், பிறந்த குழந்தைகள் பிழைத்ததாலும் குடும்பம் சிறிதானது. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

ஆக, பிரச்சினை பிறப்பில் மட்டும் இல்லை. வேலை இருக்கிறது, கூலியும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி 2022-23-இல் கேரளத்துக் கிராமங்களில் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 764 ரூபாய், அகில இந்தியச் சராசரி 346 ரூபாய். அப்படியும் உள்ளூர்க்காரர் வரவில்லை என்றால் பணம் தவிர வேறு ஏதோ குறைகிறது என்று அர்த்தம்.

அது என்ன என்பதற்குத் தென்னை மரமே சாட்சி. மரமேறுகிறவர்கள் அருகிப்போய், தேங்காய் மரத்திலேயே முற்றி விழுந்த காலத்தில், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மலையாளத்தில் அதற்கு 'தெங்கின் சங்ஙாதிக்கூட்டம்' என்று பெயர். மரமேறும் யந்திரம், சில நாள் பயிற்சி, விபத்துக் காப்பீடு, இவை கிடைத்தன. ஒரு ஜாதிக்கான வேலை என்று ஒதுக்கியிருந்த தொழிலுக்கு வேறு இளைஞர்களும், பெண்களும்கூட வந்தார்கள். பயம் குறைந்து கௌரவம் கூடினால் ஆள் வருகிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து வருகிறவர்கள். ஒரு காலத்தில் இங்கே கூலி வேலைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். இன்று வங்காளம், அசாம், ஒடிசா, பீகாரிலிருந்து வருகிறார்கள். 2013-இல் திருவனந்தபுரத்து குலாட்டி நிறுவனம் நடத்திய ஆய்வு இவர்களை 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. பாலக்காட்டு வயல்களில் நாற்று நடுவதே வங்காளக் குழுக்கள்தான். 2020 மே 1-ஆம் தேதி ஆலுவாவிலிருந்து புவனேஸ்வருக்கு ரயில் புறப்பட்டு, அவர்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோதுதான், அவர்கள் இல்லாமல் எத்தனை வேலை நின்றுபோகும் என்று பலருக்கு விளங்கியது.

அரசாங்கம் இவர்களை 'அதிதி தொழிலாளி' என்கிறது. அதிதி என்றால் விருந்தாளி. 2017-இல் 'ஆவாஸ்' காப்பீடு வந்தது. அவர்களுக்கு மலையாளம் கற்பிக்க 'சங்ஙாதி' என்ற திட்டம் பெரும்பாவூரில் தொடங்கியது. நம் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே கஞ்சிக்கோட்டில், 600-க்கும் மேற்பட்டோர் தங்க 'அப்னா கர்' விடுதி 2019-இல் திறக்கப்பட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் வந்தவர் நிலைப்பதும் போவதும் நம் கையிலும் இருக்கிறது.

இங்கே நம் சரித்திரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். நம் முன்னோர் இந்த மண்ணில் முளைத்தவர்கள் அல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். வேதம் சொல்ல, ஊட்டுப்புரையில் சமைக்க, கணக்கு எழுத, துணி விற்க வந்தார்கள். கல்பாத்தியிலும், இங்கே கோட்டைக்குள்ளும், கரமனையிலும், வலியசாலையிலும் தெருவும் வீடும் கோயிலும் அமைந்தபடியால் தலைமுறை தலைமுறையாகத் தங்கினார்கள். அன்றைய அதிதி தொழிலாளிகள் நாமே! நம்மை வேலை முடிந்ததும் போகச் சொல்லியிருந்தால், இன்று தேர் ஓட ஒரு கல்பாத்தி இருந்திருக்குமா?

ஜப்பானில் 2023 கணக்குப்படி காலி வீடுகள் 90 லட்சம். அங்கே நகராட்சிகள் காலி வீடுகளைப் பட்டியலிட்டு, குடிவர விரும்புகிறவர்களுக்குக் காட்டுகின்றன. 2009 முதல் நகரத்து இளைஞர்களை மூன்று வருஷம் வரை கிராமத்தில் தங்கி வேலை செய்ய அனுப்புகிறார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. சிலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

நம்மால் ஆகக்கூடியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் கிராமத்தில் தனியாக இருக்கும் முதியவர்களையும், பூட்டிக்கிடக்கும் வீடுகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்யட்டும். மும்பை, சென்னை, தில்லி உறுப்பினர்கள் தங்கள் வீட்டு விவரத்தை அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, நம் கோயில் பூஜைக்காரர், பரிசாரகர், சமையல்காரர், வீட்டு நர்ஸ் ஆகியோருக்கு எழுத்தில் சம்பளம், வார விடுமுறை, காப்பீடு. "தட்டில் விழுவது போதும்" என்று சொல்லிவிட்டு, அவர் பிள்ளை அதே வேலைக்கு வரவில்லையே என்று கேட்பதில் நியாயம் இல்லை. மூன்றாவது சற்று கசப்பானது. பூட்டிய வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்ற தயக்கம். அம்மாவை இரவும் பகலும் கவனிக்கும் அசாம் பெண்ணின் குடும்பம் தங்க, தெருவில் ஓர் அறை கிடையாது என்கிறோம். கூரை சரிந்து கரையான் அரிக்கும் வீட்டைவிட விளக்கு எரியும் வீடு மேல் அல்லவா? முறையான உடன்படிக்கை எழுதிக் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

வருஷத்துக்கு ஒரு முறை ரதோத்ஸவத்துக்குப் போய் வருவதில் சந்தோஷம் உண்டு. ஆனால் மீதி 360 நாளும் கிராமத்தைக் காப்பாற்றுகிறவர்கள் அங்கே இருப்பவர்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்களானாலும் நம் மனிதர்கள் என்று நினைக்கப் பழகுவோம்.