வெட்டக் கூடாத செலவு



திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவரிடம் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால், ‘ஒன்றரை ஷிப்ட் ஓடுதுங்க’ என்பார். நன்றாக இருக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்குத் திரும்பினால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை வேலை இருந்தால் ஒன்றரை. வாடகையும் அரிசி பருப்பும் அந்த ஒரு ஷிப்டிலேயே தீர்ந்துபோகும். சீட்டுப் பணம், பிள்ளையின் டியூஷன், ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் மிச்ச அரை ஷிப்டில் வருபவை.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. இப்படி ஓர் அடி விழுந்தால் உடனே கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுவிட மாட்டார்கள். முதலில் அந்த அரை ஷிப்டுதான் போகும். சாயங்கால டீக்கும் போண்டாவுக்கும் வருகிற கூட்டம் மெலியும். டீக்கடைக்காரர் பாலைக் குறைத்து வாங்குவார். பால்காரர் தீவனக் கடையில் பாக்கி சொல்வார். இதில் யாரும் தப்புச் செய்யவில்லை, அவரவர் சிக்கனமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் செலவுதானே இன்னொருவர் வரவு? எல்லோரும் ஒரே நேரத்தில் பணப்பையின் முடிச்சை இறுக்கினால் சந்தை சுருங்கிப்போகும். மற்றவர்கள் செலவழிக்கத் தயங்கும்போது அரசாவது செலவழிக்க வேண்டும் என்று வாதாடினார் பொருளியலாளர் கெய்ன்ஸ். அவருடைய பெரிய நூல் வந்தது 1936இல்.

சரி, எதற்குச் செலவழிப்பது? அதைத் தெரிந்துகொள்ள நம் வீடுகளைப் பார்த்தால் போதும்.

வருமானம் இறங்கிய வீட்டில் முதலில் புதுத்துணி நிற்கும். பிறகு ஊருக்குப் போய் வருவது நிற்கும். வாராவாரம் எடுத்த கறி மாதத்துக்கு ஒரு தடவை என்றாகும். அம்மா மூட்டுவலி மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாக்கிக்கொள்வார். இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பீஸில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். ஜூன் மாதம் அடகுக்கடைப் பக்கம் போனால், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வரும் தாய்மார்களைப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியபோது, மகள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறவர்கள் கலங்கிப்போனார்கள். இந்தத் தாய்மார்களுக்கோ அதே சங்கிலியின் பேரில் கூடுதல் கடன் கிடைத்தது. விலையேற்றத்தில் இப்படியும் ஓர் ஆறுதல்!

படிப்புக்கு முன்னுரிமை தந்த குடும்பத்தின் பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அதே அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். பெற்ற மூவரில் ஒருவர் ஒமர் யாகி. 1965இல் ஜோர்டான் நாட்டின் அம்மானில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். அத்தனை பேரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். வளர்த்த மாடுகளுக்கும் அதே இடந்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குழாயில் ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில மணி நேரம் தண்ணீர் வரும். அன்றைக்குப் பிடித்து வைத்தால்தான் உண்டு. குடத்தோடு காத்து நின்ற நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பையனுக்குப் பதினைந்து வயதானபோது, படித்து வா என்று அப்பா அவனை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே தரை துடைத்து, கடையில் சாமான் கட்டிக் கொடுத்துப் படித்தார் யாகி.

அவர் உருவாக்கியது என்ன? உலோக அணுக்களையும் கரிமச் சேர்மங்களையும் கோத்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற அறைகள் கொண்ட ஒரு வகைப் பொருள். அதில் இரண்டொரு கிராம் எடுத்தால், அந்த அறைகளின் உட்பரப்பு ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வரும். பாலைவனத்தின் இரவுக் காற்றிலிருக்கும் கொஞ்ச ஈரத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. காலையில் வெயில் ஏறியதும் தண்ணீராக விட்டுவிடுகிறது.

சில நாள் கழித்துப் பொருளியலுக்கான பரிசு வந்தது. அதைப் பெற்றவர்களில் ஒருவரான ஜோயல் மோகிர் பொருளாதார வரலாற்று அறிஞர். ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்பது மட்டும் தெரிந்த காலத்தில் வளர்ச்சி கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். ஏன் நடக்கிறது என்றும் தெரிந்த பிறகுதான் அது தொடர்ந்து ஓடும் என்பது அவருடைய கருத்தின் சாரம். இதற்கும் திருப்பூரே சாட்சி. ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆறு சாயக்கழிவாகி, அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை பாழாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தொழில் போச்சு என்றார்கள். ஆனால் வீட்டுச் சமையலறையில் இருக்கிற ஆர்.ஓ. எந்த முறையில் தண்ணீரைச் சுத்தம் செய்கிறதோ, அதே முறையைப் பெரிய அளவில் நிறுவினார்கள். இன்று கழிவுநீரில் பெரும்பகுதி சுத்தமாகிச் சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. நின்றுபோன தொழிலைத் தூக்கி நிறுத்தியதில் விஞ்ஞானத்துக்குப் பெரும் பங்குண்டு.

மோகிரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட அகியோன், ஹோவிட் இருவரும் இன்னொரு பக்கத்தைக் காட்டியவர்கள். புதிய அறிவு வரும்போது பழைய தொழிலைத் தள்ளிவிட்டுத்தான் வரும். தள்ளப்பட்டவர்களைத் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு வேண்டும். பீஸ் கட்டிப் படிக்கவைத்த பையன் பட்டத்தோடு வந்து, அப்பா வேலை பார்த்த அதே கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் நிற்கிறானே, அது எத்தனை வீட்டுக் கதை? சங்கிலியை அடகு வைத்துக் குடும்பம் தன் பங்கைச் செய்துவிட்டது. அந்தப் படிப்புக்கு வேலை கொடுக்கும் ஆய்வுக்கூடமும் புதுத் தொழிலும் எங்கே?

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம். தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டிச் செலவழிக்கிறது. அங்கே பெரும்பகுதியைக் கொடுப்பவை தனியார் நிறுவனங்கள். இங்கே பாதிக்கு மேல் அரசு கொடுக்கிறது. தனியார் துறையில் ஆராய்ச்சியையும் புதுமையையும் ஊக்குவிக்க ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் தந்தது. நல்ல காரியம், பணம் உரிய கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். பணக்கார நாடுகளும் இதில் சறுக்குகின்றன. யாகிக்கு இடம் கொடுத்த அமெரிக்காவிலேயே, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியைப் பாதிக்கு மேல் வெட்ட வெள்ளை மாளிகை அதே ஆண்டு முன்மொழிந்தது.

மந்தம் வந்தால் சில செலவுகளைக் குறைக்க வேண்டித்தான் வரும். ஆனால் எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு நிதி அமைச்சகங்களுக்கும் முதலாளிகளுக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்கள் பீஸை எடுத்து வைத்துவிட்டு மீதியில் குடும்பம் நடத்துகிறார்கள். எல்லாம் போக மிஞ்சினால் ஆராய்ச்சிக்கு என்று அரசும் கம்பெனிகளும் ஒதுக்கும் வரையில், இந்தத் தாய்மார்கள் கட்டும் பீஸுக்கு முழுப் பலன் கிடைக்கப் போவதில்லை.