மஞ்சள் விளக்கு சொல்லும் சேதி

தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்குப் போகிற விவசாயி முதலில் வரப்பைத்தான் பார்ப்பார். சின்ன நண்டு வளைதான். கவனிக்காமல் விட்டால் வயல் தண்ணீர் வடிந்துபோகும்.

கார் டயரும் அப்படித்தான். காற்று குறைந்தால், அதை உணரும் கருவி உள்ள கார்களில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். குதிரை லாடம் போன்ற வடிவம், நடுவே ஆச்சரியக்குறி.

பதறிப்போய் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, மெல்ல வேகத்தைக் குறையுங்கள். நம் வாய்க்கால் கரைச் சாலைகளில் ஓரம் குறுகல். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும். கெட்டியான தரை பார்த்து நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, வண்டிகள் வராத பக்கமாக இறங்கிப் பாருங்கள். டயர் தட்டையாகியிருந்தால் அதற்குமேல் ஓட்டவே கூடாது. ஓரளவு காற்று இருந்தால் மெதுவாக அருகிலுள்ள பெட்ரோல் பங்குக்குப் போகலாம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும்.

மார்கழிக் குளிரிலும் காற்றழுத்தம் சற்றுக் குறையும். ஆனால் நிரப்பிய பிறகும் விளக்கு மறுபடி எரிந்தால் பஞ்சர் கடைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று: 2020 அக்டோபர் முதல், டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தத்தை உணரும் இந்தக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

வளையை அடைத்தால் பயிர் பிழைக்கும். விளக்கை மதித்தால் உயிர் பிழைக்கும்.