பழைய காயங்களும் தன்மதிப்பும்

(முன்னாள் மாணவர் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உன் துறையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றுதான் சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டார். "வேற தலைப்பு ஒண்ணு இருக்கு சார், அனுமதிப்பீங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். காலையிலிருந்து ஹாஸ்டல், மெஸ், கேன்டீன் என்று இனிக்கும் நினைவுகளையே பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நல்லதுதான். ஆனால் நம்மிடம் இருக்கும் எல்லா நினைவும் இனிப்பதில்லை. சில நினைவுகள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, "நீ ஒண்ணுக்கும் லாயக்கில்லை" என்று இருபது, முப்பது வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதுதான் என் பேச்சு.

தன்மதிப்பு என்றால் என்ன?

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சுயமரியாதை என்ற சொல் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சமுதாயம் என்னை மனிதனாக நடத்த வேண்டும் என்ற உரிமைக் குரல் அது. நான் இன்று பேசுவது தன்மதிப்பு. யாரும் பார்க்காத நேரத்தில், நம்மைப் பற்றி நாமே உள்ளுக்குள் வைத்திருக்கும் மதிப்பீடு. இதை அளக்க 1965-ல் மோரிஸ் ரோசன்பர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளர் பத்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலைத் தந்தார். இன்றும் உலகம் முழுக்க அது பயன்படுகிறது.

தன்மதிப்பை வளர்க்க ஒரு சுலப வழி சொல்வார்கள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி, நான் வெற்றியாளன்" என்று பத்து தடவை சொல் என்பார்கள். 2009-ல் கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களுக்கு இப்படிச் சொல்வதால் சிறிது நன்மை கிடைத்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ மனநிலை இன்னும் மோசமாயிற்று! காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். "நான் திறமைசாலி" என்று வாய் சொல்லும்போதே, "யாருகிட்ட கதை விடுற?" என்று உள்ளே ஒரு குரல் பதில் சொல்லிவிடுகிறது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் மேலே பெயின்ட் அடித்துப் பயனில்லை.

ஒரு கணக்குப் பாடம்

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. அதனால் என் கதையையே சொல்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். அதுவரை நான் நடுத்தர மாணவன். அந்த வருடம்தான் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் மாலை நேரத்தில் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார், பிடித்துப்போயிற்று. விடைத்தாள் கொடுத்த ஆசிரியர் என் பெயரைக் கூப்பிட்டு, "யாரைப் பாத்துடா எழுதின?" என்றார். "நானே போட்டேன் சார்" என்றேன். "உன் மூஞ்சிக்கு இது வருமா? பெஞ்சு மேல ஏறு" என்றார். அந்தப் பீரியட் முழுக்க நின்றேன். வகுப்பு சிரித்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், "வாத்தியார் சும்மா சொல்லுவாரா?" என்று கேட்பார்களோ என்ற பயம்.

பிறகு நான் நன்றாகவே படித்தேன். இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, வேலை கிடைத்தது, எல்லாம் நல்லபடியாகவே நடந்தன. ஆனால் ஒவ்வொரு நல்ல செய்தி வரும்போதும் மகிழ்ச்சிக்கு முன்னால் ஒரு பயம் வந்து நிற்கும். யாரோ ஒருவர் எழுந்து "யாரைப் பாத்து எழுதின?" என்று கேட்கப் போகிறார் என்ற பயம். ஒரு டிசைன் கணக்கை மூன்று தடவை சரிபார்ப்பேன். பழைய கணக்குத் தாள்களை எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருப்பேன். நம் தொழிலில் இதற்குப் பெயர் பொறுப்புணர்ச்சி! பாராட்டுதான் கிடைத்தது. உள்ளே ஓடுவது வேறு என்று யாருக்கும் தெரியாது.

பதவி உயர்வு வந்த சமயம் தூக்கம் போயிற்று. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்ல, ஒரு உளவியலாளரைப் பாருங்க" என்றார். எனக்குத் தயக்கம். என் மனைவிதான், "பல் வலிச்சா பல் டாக்டர்கிட்ட போறோம், இதுல என்ன வெட்கம்?" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

1978-லேயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இந்தப் பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பின்னர்தான் தெரிந்தது. சாதனை புரிந்த பெண்கள் பலரிடம், "நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் மாட்டிக்கொள்வேன்" என்ற எண்ணம் இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஆண்களுக்கும் அது உண்டு என்பதற்கு இதோ, உங்கள் முன் நிற்கும் நானே சாட்சி.

மனசுக்குள் தங்கும் மிச்ச அழுத்தம்

அறிவியல் பக்கம் வருவோம். நினைவு என்பது பெட்டியில் வைத்த போட்டோ என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை என்று 1932-லேயே இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் பார்ட்லெட் எழுதினார். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவை நாம் மறுபடி கட்டுகிறோம் என்பது அவர் கருத்து. 2000-ல் கரீம் நாடர், க்ளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஒலியைக் கேட்டால் பயப்பட எலிகள் பழக்கப்பட்டிருந்தன. அந்த ஒலியை மீண்டும் கேட்கவைத்து, உடனே மூளையில் பய நினைவோடு தொடர்புடைய பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது பயம் மங்கியது. ஒலியை நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. அதாவது, நினைவு வெளியே வரும்போது சிறிது நேரம் இளகுகிறது, பிறகு மறுபடி இறுகுகிறது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. ஆனால் பழைய நினைவு மாற்ற முடியாத கல்வெட்டு அல்ல என்பது உறுதி.

நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் புரியவைக்கலாம். தடித்த இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்தால், உருகிய இடம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் விடாது. வெளியிலிருந்து ஒரு கிலோ பாரம்கூட இல்லாதபோதும் உள்ளே அழுத்தம் பூட்டிக்கொண்டு கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் விரிசல் விடும்போதுதான் தெரியும். அதற்கு என்ன செய்கிறோம்? சாதாரண கார்பன் ஸ்டீல் கலனாக இருந்தால், உலையில் வைத்து ஏறக்குறைய 600 டிகிரிக்கு மெதுவாகச் சூடேற்றி, 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வைத்திருந்து, மெதுவாக ஆறவிடுகிறோம். வெல்டிங் தழும்பு போய்விடுகிறதா? இல்லை, தழும்பு அங்கேயேதான் இருக்கிறது. பூட்டிக்கிடந்த அழுத்தம் மட்டும் தளர்கிறது. அவசரப்பட்டுச் சூடேற்றினாலும், அவசரப்பட்டுக் குளிர்வித்தாலும் புது அழுத்தம் உண்டாகும்.

மனசிகிச்சையும் ஏறக்குறைய இதுதான்.

சிகிச்சை அறையில் நடப்பது என்ன?

வாரம் ஒரு நாள், சுமார் ஐம்பது நிமிடம். முதல் சில வாரங்கள் பழைய கதையை அவர் தொடவே இல்லை. தூக்கம், வேலை, வீடு என்று இன்றைய நிலையைத்தான் பேசினோம். பயம் வரும்போது என்ன எண்ணம் ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். 1960-களில் ஆரோன் பெக் தொடங்கிய சிந்தனைச் சிகிச்சை முறையின் அடிப்படை இது. எழுதிப் பார்த்தபோது எல்லா எண்ணங்களும் ஒரே இடத்தில் போய் முட்டின: "என் திறமை நிஜமில்லை." இப்படிப்பட்ட எண்ணத்தை மெலனி ஃபெனல் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1997-ல் விளக்கினார். இளம் வயது அனுபவங்களிலிருந்து நம்மைப் பற்றி ஒரு தீர்ப்பு உருவாகிறது. அந்தத் தீர்ப்பு வெளியே தெரியாமல் இருக்க நாமே சில விதிகளைப் போட்டுக்கொண்டு வாழ்கிறோம். என் விதி: "யார் எப்ப கேட்டாலும் ஆதாரம் கையில் இருக்கணும்."

அதன் பிறகுதான் அவர் கேட்டார்: "இந்த உணர்ச்சி முதன்முதலா எப்ப வந்துச்சு?" பெஞ்சு நினைவு வந்தது. கற்பனைக் காட்சியை மாற்றி எழுதும் முறை என்று ஒன்று உண்டு. நெதர்லாந்தின் ஆர்னௌட் ஆர்ன்ட்ஸ், அனோக் வேர்ட்மன் இருவரும் 1999-ல் அதை மூன்று கட்டங்களாக விவரித்தார்கள். முதல் கட்டத்தில், அந்தச் சிறுவனாகவே இருந்து நடந்ததைப் பார்க்க வேண்டும். இரண்டாவதில், இன்றைய பெரியவராக அந்த அறைக்குள் நுழைந்து, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். மூன்றாவதில், மறுபடி சிறுவனாகி, பெரியவர் வந்து உதவுவதை அனுபவித்து, "இன்னும் எனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுப் பெற வேண்டும்.

கண்ணை மூடி உட்கார்ந்தபோது, போய் ஆசிரியரோடு சண்டை போடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் செய்தது வேறு. நேராகப் போய்ப் பையனைப் பெஞ்சிலிருந்து கீழே இறக்கினேன். "சார், ஒரு கணக்கு கொடுங்க, போர்டுல போடுவான்" என்றேன். மூன்றாம் கட்டத்தில் அந்தப் பையனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. "நீ சொல்றதை நான் நம்புறேன்" என்று ஒரு ஆள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடவில்லை. அந்த நினைவு இன்றும் இருக்கிறது, நெஞ்சை அடைப்பதில்லை. அதோடு நின்றுவிடவும் இல்லை. அடுத்து வந்தது செயல். அலுவலக நடைமுறைப்படி ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, மூன்றாம் தடவையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். முதல் வாரம் படாதபாடு. ஒன்றும் இடிந்து விழவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மனசு நம்பியது. தன்மதிப்பு அப்படித்தான் வளர்கிறது. பழைய தீர்ப்பு தளர வேண்டும், புதிய அனுபவம் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: "உன் மனசில் ஏதோ புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுக்கிறேன்" என்று சொல்பவர்களிடம் ஜாக்கிரதை. 1995-ல் எலிசபெத் லோஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல் இருவரும் 24 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிறு வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை உறவினர் சொன்னதாகக் காட்டியபோது, ஏறக்குறைய நாலில் ஒருவர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ "நினைவுகூர்ந்தார்"! நல்ல சிகிச்சையாளர் நம் நினைவில் இருப்பதைத்தான் கையாள்வார், இல்லாததை ஊட்டமாட்டார்.

இரண்டு: தகுதி பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். வசதி இல்லாதவர்கள் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மூன்று: எல்லாக் காயத்தையும் உள்ளே மட்டும் ஆற்றிவிட முடியாது. சாதியைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, வறுமையைச் சொல்லி அவமானப்படுத்துவது வெளியே இருக்கும் அநீதி. அதை வெளியேதான் சரிசெய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் போய், "மன்னிச்சு மறந்துடு" என்று உபதேசம் செய்வது சிகிச்சை அல்ல. மன்னிப்பது அவரவர் விருப்பம். என் ஆசிரியர் அன்று செய்தது சரியென்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தீர்ப்பை இனி நான் சுமக்கப் போவதில்லை.

நாம் செய்யக் கூடியது

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் பிறப்பித்தது. பெயருக்கு ஒருவரை நியமித்து, ஆபீஸ் ரூம் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டால் எந்த மாணவனும் போகமாட்டான். மற்றவர் கண்ணில் படாத தனி அறை வேண்டும். சொன்னது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தைக் கண்டு மிரளும் பிள்ளையிடம் அவன் பாஷையில் பேசக்கூடியவர் வேண்டும். ஆண்டுதோறும் விழாவுக்கும் மலருக்கும் நிதி திரட்டுகிறோம். அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். முதல் பங்காக என் ஒரு மாதச் சம்பளத்தை இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன்.

நம்மில் பலர் இன்று அப்பா, அம்மா. சிலர் பேராசிரியர்கள், பலர் மேலதிகாரிகள். ஒரு பிள்ளையோ ஒரு ஜூனியரோ நாம் எதிர்பார்க்காத அளவு நன்றாகச் செய்துவிட்டால், நம் வாயில் முதலில் வரும் வார்த்தை சந்தேகமாக இருக்க வேண்டாம். "எப்படிப் போட்டே? எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். அந்த முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.