கழிவு என்று ஒதுக்கிய குமிழி

கரு தங்கியும் திரும்பத் திரும்பக் கலைந்துபோகிற சில பெண்களின் ரத்தத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சோதனைக் குழாயில் உறையத் தாமதமாகும். உடம்புக்குள்ளோ கண்ட இடத்தில் கட்டிக்கொள்ளும்! உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பின்மேல் பாய்கிற இந்த ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறை 1983-இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் விவரித்தார்.

இதில் எக்சோசோம்களுக்கும் பங்குண்டா என்று இப்போது ஆராய்கிறார்கள். செல்கள் வெளியே தள்ளும் குமிழிகள் அவை. சுமார் 30 முதல் 150 நானோமீட்டர்தான். மாண்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டோன் செம்மறியாட்டு ரத்தத்தில் இவற்றை ஆராய்ந்த 1980-களில், வெறும் கழிவு என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் இவை செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகிற தபால்காரர்கள். நஞ்சுக்கொடியும் தாயின் ரத்தத்துக்கு இவற்றை அனுப்புகிறது. அந்தச் சேதியைப் படித்தால் ஆபத்தை முன்கூட்டியே அறியலாமா என்பதுதான் கேள்வி.

இப்போதைக்குக் கைகொடுப்பவை, மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும்தான்.