குறைவது எது? குருதிச்சோகையும் நம் சொற்களும்



'இரத்தம் குறைவு' என்று நம் இல்லங்களில் ஒரு நோயைச் சொல்கிறோம். மலாய் மொழியினரும் 'குராங் டாரா' என்பர். கிரேக்க வழிவந்த 'அனீமியா'வுக்கும் குருதியின்மை என்பதே பொருள். மும்மொழியும் ஒன்றையே கூறுவதால், உடலில் குருதி வற்றிவிட்டதாக எண்ணுகிறோம். சிலர் குறைந்த இரத்த அழுத்தத்தோடும் குழப்பிக்கொள்கின்றனர்.

பெரும்பாலும் குறைவது குருதியின் அளவன்று. உயிர்வளியைச் சுமக்கும் அதன் ஆற்றலே. அவ்வாற்றலைத் தருவது சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின்.

'சிவப்பணு' என்பதில் 'அணு' உயிரணுவைக் குறிக்கும். வேதியியல் பாடத்தின் அணுவை அன்று. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். ஆக, ஓர் 'அணு'வுக்குள் நூறு கோடிக்கும் மேற்பட்ட இரும்பு 'அணுக்கள்' அடங்கியுள்ளன! எலும்பு மஜ்ஜையில் தோன்றும் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உழைத்து மறைகிறது. அதன் இரும்போ பெரும்பாலும் புதிய சிவப்பணுக்களுக்கே பயன்படுகிறது.

'சோகை' என்னும் சொல் உடல் வெளிறுவதைச் சுட்டும். அது அடையாளத்தைச் சொல்கிறதேயன்றிக் காரணத்தைச் சொல்வதில்லை. காரணங்களோ பல: இரும்புச்சத்துக் குறைவு, குருதியிழப்பு, வைட்டமின் பி12 குறைவு, சிறுநீரக நோய், மரபுவழி வரும் தலசீமியா. 'இரத்தம் குறைவு' என்றதும் இரும்பு மாத்திரையைத் தேடுகிறோம். இரும்பு குறைந்தோர்க்கு அது மருந்து. நம் வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் தலசீமியாவிலோ உடலில் இரும்பு மிகுந்து சேரக்கூடும்; அவர்களுக்குத் தேவையற்ற இரும்பு தீங்காகலாம். ஆதலின், 'எது குறைந்தது? ஏன் குறைந்தது?' என்று மருத்துவரிடம் வினவிய பின்னரே மாத்திரையை நாட வேண்டும்.

கருவுறாத மகளிர்க்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராமுக்கும், ஆடவர்க்கு 13 கிராமுக்கும் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் அதனைச் சோகை என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. எளிய குருதிப் பரிசோதனையே இதனைக் காட்டிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் தலைசாய்ந்து அமர்ந்திருக்கும் மாணவியைச் 'சோம்பேறி' என்றழைக்கும் பிழையை நாமும் நம் பணிக்காலத்தில் செய்திருக்கிறோம். மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குகிறதா, முகம் வெளிறியிருக்கிறதா என்று கேட்டும் பார்த்தும் அறிந்திருக்கலாம். சோம்பலுக்கும் சோகைக்கும் எழுத்தளவில் வேறுபாடு சிறிது. அம்மாணவிக்கோ அது பெரிது.