முள் காட்டும் வெற்றிடம்



பொறியியற் கல்லூரியில் படிக்கும் என் பேரன் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தான். "தாத்தா, டர்போ பொருத்திய ரோட்டரி இன்ஜின் ஒன்று, வண்டி நிற்கும்போது 15 அங்குல வெற்றிடந்தான் காட்டுகிறதாம். அது நோயா, இயல்பா?" என்றான். நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவன் நான். ஆயினும் உடனே விடை கூற நா எழவில்லை. வெற்றிடம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பழைய தவறொன்று நினைவுக்கு வந்துவிடும்.

பணியில் சேர்ந்த புதிதில், "வெற்றிடம் காற்றை இழுக்கிறது" என்று வகுப்பில் கூறினேன். பாடியிலிருந்து வந்து படித்த ஒரு பையன் எழுந்து, "ஐயா, ஒன்றுமே இல்லாதது எப்படி இழுக்கும்?" என்றான். பாடத்தைக் கவனி என்று அதட்டி உட்கார வைத்தேன். அவன் கேட்டதே சரி என்பதை அன்றிரவு புத்தகத்தைப் புரட்டியபோது உணர்ந்தேன். மறுநாள் அதை வகுப்பில் சொல்லும் துணிவுதான் வரவில்லை.

அந்தப் பையன் இன்று பாடியில் மோட்டார் பட்டறை நடத்துகிறார். பேரனை அங்கே அழைத்துச் சென்றேன். திருவலிதாயம் என்று தேவாரம் பாடப்பெற்ற ஊர் அது. 1960-களின் தொடக்கத்தில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் முதலிய தொழிற்சாலைகள் எழுந்தபின் மோட்டார் உறுப்புகளின் ஊராகவும் ஆயிற்று. அவ்வூர்ப் பிள்ளைகள் பிரேக்கையும் டைனமோவையும் கேட்டு வளர்ந்தவர்கள்.

அவர் ஒரு பெட்ரோல் காரின் மேனிபோல்டில், அதாவது காற்று உள்ளே செல்லும் குழாய்த் தொகுதியில், வாக்குவம் கேஜின் ரப்பர்க் குழாயைச் செருகினார். இன்ஜின் மெல்ல ஓடிற்று. முள் 19 அங்குலத்தில் ஆடாமல் நின்றது.

இந்த அங்குலம் யாது? 1643-இல் டாரிசெல்லி கண்டபடி, கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்த காற்று ஏறத்தாழ 30 அங்குலம், அதாவது 760 மில்லிமீட்டர், பாதரசத்தைத் தாங்கி நிற்கும். ஐடிலிங்கில் திராட்டில் தகடு அநேகமாக மூடியிருக்கிறது. பிஸ்டன்களோ காற்றுக்காகக் கீழே இறங்கியவண்ணம் இருக்கின்றன. வாசல் சிறிது, பசி பெரிது. ஆகவே குழாயினுள் அழுத்தம் 11 அங்குலமாகக் குறைகிறது. வெளிக்காற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடே முள் காட்டும் 19. நல்ல பிஸ்டன் இன்ஜினில் அது பெரும்பாலும் 17-க்கும் 21-க்கும் இடையே நிற்கும். டீசல் இன்ஜினில் பெரும்பாலும் இத்தகைய தகடு இல்லை. எனவே வெற்றிடமும் இல்லை. பிரேக்குக்காகத் தனிப் பம்பு வைக்கிறார்கள்.

எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கு அவர் ஓர் உதாரணம் சொன்னார். 15 அங்குலம் காட்டிய ஒரு வண்டியை வேறோரிடத்தில் "ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்றார்களாம். வண்டிக்காரர் வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? இவர் பார்த்தபோது முள் தாழ்ந்திருந்ததே தவிரத் துடிக்கவில்லை. தீப்பொறி பிறக்கும் நேரம் பிந்தியிருந்தது. டைமிங்கைத் திருத்தியதும் முள் 19-க்கு ஏறிற்று. ஒரு வால்வு சரியாக மூடாவிட்டால் முள் விட்டு விட்டுத் துள்ளும். தகட்டுக்கு அப்பால் காற்றுக் கசிந்தால் தாழ்ந்து கிடக்கும். நாடி பார்ப்பதைப் போன்றதுதான் இதுவும்.

இனி ரோட்டரிக்கு வருவோம். ஜெர்மானியர் பெலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் உருவாகி, என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957-இல் முதலில் ஓடியது இது. பின்னர் ஜப்பானின் மாஸ்டா அதனைப் பேணி வளர்த்தது, ஆர்.எக்ஸ்.-7 என்னும் காரில் டர்போவும் சேர்த்தது. நம் சாலைகளில் காண்பது அரிது. இதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண ரோட்டர் சுழன்று, தானே துவாரங்களைத் திறந்து மூடுகிறது. புகை வெளியேறும் வாயில் மூடுமுன்பே காற்று நுழையும் வாயில் திறக்கத் தொடங்கலாம். அப்போது எரிந்த புகையில் சிறிது உள்ளே திரும்பி வெற்றிடத்தைக் குறைக்கும். ஆகவே கடல்மட்டத்தில் 15 முதல் 18 அங்குலம் வரை காட்டினால் குறை சொல்வதற்கில்லை. துவாரங்களை அகலப்படுத்திய பந்தய வண்டிகளில் 10, 12 என்று இறங்குவதும் உண்டு. ரோட்டரின் முனையிலுள்ள சீல் தேய்ந்தாலும் முள் இறங்கும். அப்போது தாளம் தப்பிய நடுக்கமும் கூடவே வரும்.

டர்போ என்ன செய்கிறது என்று பேரன் கேட்டான். ஐடிலிங்கில் ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை! வெளியேறும் புகை அற்பமாதலால் அதன் சக்கரம் சோம்பிச் சுழலும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து இன்ஜின் வேகங்கொண்டபின்தான் முள் பூஜ்யத்தைக் கடந்து மறுபுறம் செல்லும்.

ஊரையும் கேட்க வேண்டும். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் வெளிக்காற்றே 7 அங்குலம் குறைவு. சென்னையில் 18 காட்டும் இன்ஜின் அங்கே 11 காட்டினால் அதனைப் பிரித்துப் போடலாமா?

இது வெறும் கணக்கன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பல கார்களில் பிரேக் மிதியைத் தாங்கும் பூஸ்டர் இந்த வெற்றிடத்தைக்கொண்டே வேலை செய்கிறது. அதன் உதரவிதானம் 20 சென்டிமீட்டர் விட்டமுடையதென்று கொள்க. 18 அங்குலத்தில் வெளிக்காற்று அதன்மேல் ஏறத்தாழ 195 கிலோ எடையளவு தள்ளும். 10 அங்குலத்தில் 108 கிலோதான். மிதி கல்லாக இறுகும். கால் வலுவற்றவர் பாடு ஆபத்து.

"எந்த ஊர், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, துவாரம் அகலப்படுத்தியதா, முள் துடிக்கிறதா, இந்த நான்கையும் கேட்டு வா, தம்பி. பிறகு சொல்கிறேன்" என்று பட்டறைக்காரர் பேரனை அனுப்பிவைத்தார்.

அளவு முடிந்து அவர் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். இன்ஜின் தடுமாறிற்று. துளையை விரலால் பொத்தினார். மீண்டும் சீராக ஓடிற்று.

"விரலை இழுக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இல்லை ஐயா, வெளியே இருந்து தள்ளுகிறது" என்றார்.